பாஸ்டனில் தபால் ஏறிய வகுப்பு

ஹைதராபாத் மெட்ரோவின் நீலப் பாதையில், மெட்டுகுடாவிலிருந்து நாகோல் பக்கம் போகும் வண்டியில் ஏறினால் அடுத்த நிறுத்தம் தார்நாக்கா. ஆங்கிலம் கற்பிக்கிறவர்களுக்கே ஆங்கிலம் கற்பிக்க 1958-ல் தொடங்கப்பட்ட மத்திய ஆங்கில நிறுவனம் அந்தப் பகுதியில்தான் வளர்ந்தது. இன்று அது ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகம். எதிர்த்திசை வண்டி செகந்திராபாத்தைத் தாண்டி அமீர்பேட்டுக்குப் போகும். அங்கே தெருவுக்குத் தெரு கோச்சிங் சென்டர்கள். கம்ப்யூட்டர் கோர்ஸ் பலகைக்குப் பக்கத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் பலகை. இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஓடும் வண்டியில், காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு செல்போனிலேயே ஆங்கிலப் பாடம் கேட்டபடி போகிறவர்களும் இருக்கிறார்கள்.

மெட்டுகுடாவுக்கு ஆங்கிலம் செல்போனில் வந்து இறங்கியது அல்ல. நிஜாமின் ரயில்வே 1893-ல் பக்கத்து லாலாகுடாவில் பணிமனை திறந்தபின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் வேரூன்றின. ரயில்வே குவார்ட்டர்ஸில் தெலுங்கும் உருதும் தமிழும் பேசும் வீடுகளுக்கு அருகிலேயே, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் வீடுகளும் இருந்தன. அப்படிப்பட்ட அக்கம்பக்கம் வாய்த்த பிள்ளைக்கு விளையாடப் போன இடத்திலேயே மொழி ஒட்டிக்கொள்ளும். வாய்க்காத பிள்ளைக்கு அதைத் தொலைவிலிருந்து கொண்டுவந்து சேர்க்க முடியுமா, சேர்த்தால் நிற்குமா? தொலைவழிப் பாடத்தைப் பற்றிய இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய 300 வயது.

1728 மார்ச்சில் பாஸ்டன் கெஸட் பத்திரிகையில் கேலப் ஃபிலிப்ஸ் என்ற சுருக்கெழுத்து ஆசிரியர் ஒரு விளம்பரம் கொடுத்தார். வெளியூர்க்காரர்கள் வாராவாரம் பாடங்களைத் தபாலில் பெறலாம், பாஸ்டனிலேயே இருந்து படிப்பவர்களுக்கு இணையாகத் தேர்ச்சி அடையலாம் என்பது அதன் சாரம். இன்றைய ஆன்லைன் ஆங்கில வகுப்பு விளம்பரம் எதை எடுத்தாலும் இதே வாக்குறுதிதான்: நேரில் படிப்பதற்கு இது எந்த விதத்திலும் குறைந்ததல்ல. அதைச் சோதித்துப் பார்த்தவர் அன்று யாருமில்லை. பாடம் போகும் என்றுதான் ஃபிலிப்ஸ் சொன்னார். மாணவர் எழுதியது திரும்பி வரும், திருத்தப்படும் என்று விளம்பரத்தில் இல்லை.

கதை இப்போது நம்மூருக்கு வருகிறது. 1789-ல் சென்னை எழும்பூரில், ராணுவத்தாரின் அநாதைப் பையன்களுக்கான விடுதிப் பள்ளியை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நடத்தத் தொடங்கினார். ஆசிரியர் பற்றாக்குறை, இருந்தவர்களும் அவர் சொல்பேச்சு கேட்கவில்லை. உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். அதைத் தன் பள்ளியில் செய்ய ஆசிரியர் மறுத்ததும், ஜான் ஃப்ரிஸ்கன் என்ற 8 வயதுச் சிறுவனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து கற்றுக்கொடுக்கும் பொறுப்பை அவனிடம் விட்டார். வேலை நடந்தது. ஊர் திரும்பி 1797-ல் பெல் ஒரு சிறு நூல் வெளியிட, ஒரே ஆசிரியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சட்டாம்பிள்ளைகள் வழியே நடத்தும் 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்தெங்கும் பரவியது. ஜோசஃப் லங்காஸ்டர் ஏறத்தாழ அதே முறையில் லண்டனில் பள்ளி நடத்தினார். முதலில் பெல்லுக்கு நன்றி சொன்னவர் பிறகு போட்டியாளரானார். யார் கண்டுபிடித்தது என்ற சண்டையில் இரண்டு சங்கங்களே கிளம்பின. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்துப் பள்ளி இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் திண்ணைப் பள்ளி மணலின் பெருமை அது.

இதில் தபால் இல்லை, தொலைவும் இல்லை. ஆனாலும் இந்த வரலாற்றில் பெல்லுக்கு இடம் கொடுக்கிறேன். கற்றுத்தருகிறவர் சிலர், கற்க வேண்டியவர் ஏராளம் என்ற கணக்கை முதலில் பெரிய அளவில் போட்டுப் பார்த்தவர் அவர். ஆன்லைன் வகுப்பு போடுவதும் அதே கணக்கைத்தான்.

1840-ல் பிரிட்டனில் ஒரு பென்னிக்கு நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் போகும் என்றானதும், ஐசக் பிட்மன் தன் சுருக்கெழுத்துப் பாடத்தைத் தபாலில் அனுப்பத் தொடங்கினார். மாணவர் பைபிள் வரிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்ப வேண்டும். அது திருத்தப்பட்டுத் திரும்பி வரும். பாடம் இருவழிப் பாதையானது அப்போதுதான். அதே பிட்மன் சுருக்கெழுத்தை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளில் லோயர், ஹையர் என்று பாஸ் செய்துவிட்டுத் தமிழ்நாட்டுப் பையன்கள் பம்பாய்க்கும் டெல்லிக்கும் செகந்திராபாத்துக்கும் ரயில் ஏறியது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த கதை.

மொழிப் பாடம் தபால் ஏறியது 1856-ல், பெர்லினில். குஸ்டாவ் லாங்கென்ஷைட் என்ற இளைஞர் ஐரோப்பாவை நடந்தே சுற்றியபோது, பிறமொழி பேசத் தெரியாமல் பட்ட அவதியை மறக்கவில்லை. தன் பிரெஞ்சு ஆசிரியர் சார்ல்ஸ் துசானோடு சேர்ந்து பிரெஞ்சைக் கடிதப் பாடங்களாக எழுதினார். பதிப்பகத்தார் யாரும் வாங்கவில்லை. ஆகவே சொந்தப் பதிப்பகம் தொடங்கினார். சத்தத்தைக் காகிதத்தில் அனுப்ப முடியாதே என்ற குறையைப் போக்க, உச்சரிப்புக் குறியீடுகளை வகுத்துச் சொற்களோடு அச்சிட்டார்.

சத்தத்தையே அனுப்பும் வழியை 1877-ல் எடிசன் கண்டுபிடித்தார். அமெரிக்காவின் ஸ்க்ரான்டன் நகரத்தில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் சொல்லித்தரப் பிறந்த ஒரு தபால் பள்ளி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருடைய ஃபோனோகிராஃபை மொழிப் பாடத்துக்குப் பிடித்துக்கொண்டது. மாணவர் வீட்டுக்குப் பாடம் பதிந்த மெழுகு உருளைகள் வரும். அவர் கேட்டு, வெற்று உருளையில் தன் குரலைப் பதிந்து திருப்பி அனுப்புவார். ஸ்க்ரான்டனில் ஓர் ஆசிரியர் அதைக் கேட்டு, நாக்கு எங்கே பிசகுகிறது என்று எழுதி அனுப்புவார். மெழுகு உருளை கொஞ்சம் வெயில் பட்டால் கெட்டுவிடும், தட்டினால் உடையும். அப்படியும் அதைப் பொதிந்து ரயிலில் அனுப்பி, யாரோ ஒரு கடைக்காரரின் உச்சரிப்பைத் திருத்தினார்கள். இன்றைய ஆப் ஒன்றில் பச்சை நிற டிக் விழுவதற்குப் பின்னால் இந்த மெழுகு இருக்கிறது.

லண்டனில் ஜாக் ராஸ்டன் 1901-ல் தொடங்கிய லிங்குவாஃபோன் மெழுகை விட்டு இசைத்தட்டுக்கு மாறியது. 1927-ல் பெர்னார்ட் ஷாவே அதற்குப் பேசிக்கொடுத்தார். பூக்காரப் பெண்ணுக்குச் சீமாட்டியின் உச்சரிப்பைப் பழக்கும் பேராசிரியரை 'பிக்மேலியன்' நாடகத்தில் படைத்தவர், கடைசியில் தானே தட்டில் ஏறி ஊர் ஊராகப் பாடம் சொல்லப் போனார்.

அதே 1920-களில் டாக்காவில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட் வேறொன்றைக் கவனித்தார். இந்தக் கதை முழுவதிலும் எனக்கு முக்கியமாகப் படுகிறவர் அவர்தான். வங்காளத்தில் பள்ளியில் சேரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் முடிக்காமல் நின்றுவிடுகிறார்கள். பாடத்திட்டமோ கடைசி வகுப்பு வரை படித்தால்தான் பயன் தருகிறது. மூன்றாம் ஆண்டில் நின்ற பையன் கையில் என்ன மிஞ்சுகிறது? இன்ஷூரன்ஸ் பாலிசியை நடுவில் நிறுத்தினால் சரண்டர் வேல்யூ என்று ஒரு தொகை வருமே, அது ஒரு படிப்புக்கும் இருக்க வேண்டும் என்று 1926-ல் வெளியான தன் நூலில் வாதிட்டார். எந்த நாளில் நின்றாலும் அந்த நாள்வரை படித்தது உதவ வேண்டும். அதனால் முதலில் வாசிப்பு. அதிலும் அடிக்கடி வரும் சொற்கள் முதலில். அவர் தொகுத்த, ஏறக்குறைய 2,000 சொற்கள் கொண்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியல் 1953-ல் வந்தது. செல்போன் ஆப்கள் புழக்கத்தில் அதிகமுள்ள சொல்லை முதலில் கொடுக்கின்றன என்றால், அதன் வேர் டாக்காவில் இருக்கிறது. வெஸ்ட்டின் பட்டியலை உலகம் எடுத்துக்கொண்டது. சரண்டர் வேல்யூவை விட்டுவிட்டது.

1943-ல் பிபிசி 'இங்கிலீஷ் பை ரேடியோ' தொடங்கியது. 1982-ல் அதன் 'ஃபாலோ மீ' தொலைக்காட்சித் தொடர் சீனாவில் ஒளிபரப்பாகி, கோடிக்கணக்கானோரைப் பெட்டி முன் உட்கார்த்தியது. வானொலியும் தொலைக்காட்சியும் பாடத்தைப் பரப்பியதில் தபாலை எங்கோ விட்டுவிட்டன. பிட்மன் திறந்த திரும்பும் பாதையை மட்டும் மூடிவிட்டன. பெட்டி பேசும், கேட்காது.

சுதந்திரத்துக்குப் பின் சென்னை மாநிலம் மறுபடி பெல்லின் கணக்கைக் கையில் எடுத்தது. ஆரம்பப் பள்ளிகளில் ஆங்கிலம் தொடங்குகிறவர்களுக்குப் பாடம் நடத்தும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தர வேண்டும். பயிற்றுநர்களோ கைவிரல் விட்டு எண்ணும் அளவு. சிலருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் பலருக்குக் கொடுத்து, அந்தப் பலர் ஊருக்கெல்லாம் கொடுப்பது என்று முடிவாயிற்று. 'மெட்ராஸ் பனிப்பந்து' என்று அந்தத் திட்டம் பெயர் வாங்கியது. இப்படிக் கைமாறும் பயிற்சிக்கு எங்குமே ஒரு நோய் உண்டு: ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் உதிர்ந்து, கடைசிக் கிராமத்துக்குச் சேரும்போது முறை தங்கி, உயிர் போயிருக்கும்.

ஹைதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் எழுந்தது இந்தச் சூழலில்தான். 1965-ல் ஆங்கிலம் ஆட்சிமொழி இடத்திலிருந்து விலக வேண்டும் என்று அரசியல் சட்டம் நாள் குறித்திருந்தது; அதற்கு 7 ஆண்டுகள் முன்னால், ஃபோர்டு அறக்கட்டளை, பிரிட்டிஷ் கவுன்சில் உதவியோடு ஆங்கிலத்துக்கு ஒரு தேசிய நிறுவனம்! 1959-ல் அதன் இயக்குநர் பொறுப்புக்கு வந்தவர் கன்னடக் கவிஞர் வி. கி. கோகாக், பின்னாளில் ஞானபீட விருது பெற்றவர். பிறமொழிகளும் சேர்ந்து 1972-ல் பெயர் நீண்டது; ஊரார் வாயில் 'சீஃபெல்' என்று சுருங்கியது. வேலையை விட்டுவிட்டு ஹைதராபாத் வந்து தங்க முடியாத ஆசிரியர்களுக்காக அது அஞ்சல்வழிப் பாடமும் நடத்தியது.

அஞ்சல்வழிக் கல்வி அப்போது நாடெங்கும் பரவிக்கொண்டிருந்தது. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-ல் தொடங்கியதைப் பார்த்து, 1971-ல் மதுரை, 1979-ல் அண்ணாமலை, 1981-ல் சென்னை. 'கரஸ்ல டிகிரி முடிச்சேன்' என்ற வாக்கியம் தமிழ்க் குடும்பங்களில் பழகிப்போனது. 1982-ல் ஹைதராபாத் ஒரு படி முன்னே போனது: இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அங்கே பிறந்தது. இன்று அம்பேத்கர் பெயரைத் தாங்கும் அதன் முதல் துணைவேந்தர் ஜி. ராம் ரெட்டிதான், 1985-ல் டெல்லியில் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தையும் தொடங்கி நடத்தினார்.

2002 வாக்கில் ஹைதராபாத்தில் ஒரு சின்ன சோதனை நடந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் குறைந்த கட்டணத்தில் படிக்கும் தனியார் பள்ளி ஒன்று. ஆங்கிலம் படிக்கிறார்கள், ஆனால் உச்சரிப்பு வெளியாருக்குப் புரிவதில்லை. டெல்லியில் 1999-ல் சேரிச் சுவரில் கணினியைப் பதித்துவைத்துப் புகழ்பெற்ற சுகதா மித்ராவும், ஹைதராபாத்தின் இத்தகைய பள்ளிகளை ஆராய்ந்துவந்த ஜேம்ஸ் டூலியும் சகாக்களுடன் 16 பிள்ளைகளிடம் ஒரு கணினியை ஒப்படைத்தார்கள். பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருள் அதில் இருந்தது. பிள்ளைகள் பேசினார்கள், திரையில் தலைகால் புரியாத சொற்கள் விழுந்தன. அதற்குப் புரியும்படி பேசிப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு விலகினார்கள். சில மாதங்களில் உச்சரிப்பு தெளிந்தது. மென்பொருள் மட்டுமல்ல, கேட்ட மனிதர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள். ஸ்க்ரான்டன் ஆசிரியர் நாள்கணக்கில் எடுத்துக்கொண்டு அனுப்பிய பதில், இங்கே பிள்ளை வாயை மூடுமுன் திரையில் வந்தது.

ஆசிரியரே வேண்டாம் என்று இதற்குப் பொருளா? மித்ரா அதையும் சோதித்தார். கிழக்குக் கடற்கரையில் சுனாமியில் அடிபட்ட காளிக்குப்பம் என்ற தமிழ்க் கிராமம். 26 பிள்ளைகள். ஆங்கிலத்தில் உள்ள உயிரித் தொழில்நுட்பப் பாடங்கள் கணினியில், சொல்லித்தர யாருமில்லை. பூஜ்யத்தில் தொடங்கியவர்கள் இரண்டு மாதத்தில் 30 சதவீதம் எடுத்தார்கள், அதற்குமேல் நகரவில்லை. பிள்ளைகளோடு பழகிய ஒரு 22 வயதுப் பெண்ணை உதவும்படி மித்ரா கேட்டுக்கொண்டார். அவருக்கு உயிரியல் தெரியாது. தெரிய வேண்டாம், பாட்டி செய்வதைச் செய்தால் போதும் என்றார்: பின்னால் நின்று, இது என்ன, எப்படிச் செய்தாய், என் காலத்தில் எனக்கு வராதே என்று வியப்பது. மதிப்பெண் 50 சதவீதத்துக்கு ஏறியது. அந்த 20 சதவீதத்தைக் கொண்டுவந்தது கணினி அல்ல, பின்னால் நின்ற பெண்.

மித்ரா பிறகு ஹைதராபாத் பிள்ளைகளிடம், ஸ்கைப்பை எதற்குப் பயன்படுத்த ஆசை என்று கேட்டார். பிரிட்டிஷ் பாட்டிகள் எங்களுக்குக் கதை படித்துக்காட்டட்டும் என்றார்கள். 2009-ல் ஒரு பிரிட்டிஷ் நாளிதழில் இது வெளியானதும் சுமார் 200 பேர் முன்வந்தார்கள், பலர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். 'கிரானி கிளவுட்' அப்படிப் பிறந்தது. சுனீதா குல்கர்னி அதைக் கட்டி நடத்தினார். பாட்டியைக் கேட்டது பிள்ளைகள்தான். மூடியிருந்த பாதையை அவர்களே திறந்தார்கள்.

குவாத்தமாலாவில் பிறந்த லூயிஸ் வான் ஆன், 2011-ல் தன் மாணவர் செவெரின் ஹாக்கரோடு அமெரிக்காவில் டியோலிங்கோவை வெள்ளோட்டம் விட்டார். ஆங்கிலம் தெரிந்தால் சம்பளம் உயரும், ஆனால் கற்கக் காசில்லை என்பது அவர் ஊரில் கண்டது. கற்பவர்களைக் கொண்டே இணையத்தை மொழிபெயர்க்கவைத்துச் செலவை ஈடுகட்டலாம் என்பது முதல் திட்டம். அது கைவிடப்பட்டது, விளையாட்டுப் போல அமைந்த பாடம் நிலைத்தது. 2015-ல் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்காக பிரிட்டிஷ் கவுன்சில் நடத்திய இணையப் படிப்பில் 3,70,000-க்கு மேற்பட்டோர் சேர்ந்தார்கள். இந்த வகைப் படிப்புகளில் சேர்கிறவர்களில் முடிப்பவர்கள் சிறுபான்மைதான். மைக்கேல் வெஸ்ட் இருந்திருந்தால் அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பார்: இரண்டாம் வாரத்தில் நின்றவருக்கு என்ன மிஞ்சியது?

பயன் உண்டா என்று ஆராய்ந்தவர்கள் சொல்வது என்ன? 1983-ல் ரிச்சர்ட் கிளார்க் என்ற அமெரிக்க ஆய்வாளர், காய்கறி கொண்டுவரும் லாரியால் நம் உடம்பு தேறுவதில்லை, காய்கறியால்தான் தேறும் என்ற பொருளில் எழுதி, ஊடகத்தைக் கொண்டாடியவர்களைச் சீண்டினார். அமெரிக்கக் கல்வித்துறை 2009-ல் வெளியிட்டு 2010-ல் திருத்திய தொகுப்பாய்வு, முழுக்க இணையத்தில் படித்தவர்கள் வகுப்பறைக்காரர்களுக்கு ஏறக்குறைய சமம், இரண்டையும் கலந்து படித்தவர்களே முந்தினார்கள் என்றது. கலந்து படித்தவர்களுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்தன என்றும், பள்ளிப் பிள்ளைகள் பற்றிய ஆய்வுகள் மிகச் சில என்றும் அதே அறிக்கை எச்சரித்தது. பள்ளி நிர்வாகிகள் அந்த எச்சரிக்கையைத் தனியாக எழுதி மேசையில் ஒட்டிவைக்க வேண்டும்.

2020-ல் பள்ளிக் கதவுகள் மூடியபோது எச்சரிக்கைக்கு நேரமில்லை. தமிழ்நாட்டில் அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது. தெலங்கானாவில் செப்டம்பர் 1 முதல் தூர்தர்ஷன் யாதகிரியிலும் டி-சாட்டிலும் பாடம். போன் இருந்த வீடுகளில் ஒரே போனுக்கு மூன்று பேர் காத்திருந்தார்கள். 2021-ன் ஏசர் கிராமப்புறக் கல்விக் கணக்கெடுப்பில், பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஸ்மார்ட்போன் வைத்திருந்தவை 67.6 சதவீதம், 2018-ல் அது 36.5. ஆனால் போன் உள்ள வீட்டிலும் நான்கில் ஒரு பிள்ளைக்கு மேல் அது கைக்கே கிடைக்கவில்லை. மொழிப் பாடத்தில் இதன் அடி பலமானது. கணக்கை மியூட்டில் இருந்தபடியும் போடலாம். பேச்சை அப்படிப் பழக முடியாது.

அதன் பிறகு 2022-23 கல்வியாண்டில் தெலங்கானா, அரசுப் பள்ளிகளில் 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை ஆங்கிலவழியைக் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கான தெலுங்கு, உருது வழி ஆசிரியர்களை அதற்குத் தயார்செய்ய வேண்டும். அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் துணையோடு, நேரிலும் இணையத்திலுமாக 2022 மார்ச்சில் பயிற்சி தொடங்கியது. மெட்ராஸ் பனிப்பந்து மறுபடி உருண்டது, இந்தத் தடவை இணையத்தின் மேல். இணையம் இருப்பதால் நடுப் படிகள் குறைகின்றன, நடுவில் உதிர்வதும் குறையலாம் என்பது எனக்குள்ள நம்பிக்கை. இப்போது செல்போனிலேயே செயற்கை நுண்ணறிவு ஆங்கிலத்தில் பேசுகிறது, பதிலையும் கேட்கிறது. ஆசிரியர் தனியாக, கூச்சமில்லாமல் பழக அது நல்ல துணை. பிள்ளையின் பின்னால் நின்று வியக்கும் வேலைக்கு ஆசிரியர் வகுப்பில் இருந்தாக வேண்டும்.

2022-ல் 8-ஆம் வகுப்பில் ஆங்கிலவழிக்கு மாறியவர்கள் 2025-ல் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுத வேண்டியவர்கள். முதல் வகுப்பிலேயே ஆங்கிலத்தில் தொடங்கியவர்களுக்கு அந்தத் தேர்வு 2032-ல். அன்று தேர்ச்சி சதவீதத்தைப் பத்திரிகைகள் கட்டம்கட்டிப் போடும். அதற்குள் ஐந்தாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் நின்றுவிட்ட பிள்ளைகளையும் தேடிப் பிடித்து, ஒரு மருந்துச் சீட்டை, ஒரு பஸ் பலகையை, ஒரு வேலை விண்ணப்பத்தை அவர்களால் ஆங்கிலத்தில் படிக்க முடிகிறதா என்று யாராவது ஆண்டுதோறும் எழுதிவைக்க வேண்டும்.